கற்று முடித்த பெருந்தகை

நம் நாட்டில் எதையும் தொடங்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, முடிப்பவர்கள்தான் அரிது. வீடு கட்டத் தொடங்கியவர் மேல்தளத்தில் கம்பியை நீட்டியபடி விட்டுவிடுகிறார். பாதாள சாக்கடைக்குச் சாலையைத் தோண்டியவர்கள் மூடுகிற வழக்கமே இல்லை. இப்படிப்பட்ட நாட்டில், எடுத்த காரியத்தை முழுதாக முடித்துக் கைகழுவிவிட்ட ஒருவர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். அவர் முடித்த காரியம் கல்வி. 1971-ஆம் ஆண்டு கும்பகோணம் அரசு கல்லூரியில் பி.எஸ்சி. தேறினார். அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் கற்கவில்லை.

தெருவில் எல்லோரும் அவரைச் 'சார்' என்றே அழைக்கிறோம். முன்னறையில் அவருடைய பட்டமளிப்புப் படம் மாட்டியிருக்கிறது. கறுப்பு அங்கி, கழுத்துப் பட்டை, கையில் சுருட்டிய காகிதம். அங்கி ஸ்டூடியோக்காரருடையது என்பதும், சுருளுக்குள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்பதும் அந்தக் காலத்தில் படம் எடுத்துக்கொண்ட எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் மற்றவர்கள் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்ததும் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். சார் இன்னும் கழற்றவில்லை.

அவரிடம் உள்ள அறிவு கெடாமல் இருக்கிறது என்பதைச் சோதித்துப் பார்த்தவர்கள் சொல்வார்கள். அவர் படித்த காலத்தில் வேதியியல் அட்டவணையில் தனிமங்கள் நூற்றுக்குச் சற்று மேல். இன்று 118, கடைசி நான்குக்கு 2016-இல்தான் பெயர் சூட்டினார்கள். எதிர்வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டியபோது சார் அட்டவணையை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். "எல்லாத்தையும் எங்க காலத்துலயே கண்டுபிடிச்சாச்சும்மா. இதெல்லாம் பேருக்குச் சேத்திருக்கான்" என்றார். 2006-இல் வானியலாளர்கள் பிராகா நகரில் கூடி, புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கினார்கள். சார் அந்தத் தீர்மானத்தை ஏற்கவில்லை. கோள் ஒன்பதுதான், நவக்கிரகம் என்று முன்னோர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று கேட்டார். நவக்கிரகத்தில் புளூட்டோ கிடையாது, சூரியனும் சந்திரனும் ராகு கேதுவும் உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு அவர் புதிதாக ஒன்றைக் கற்றிருப்பார். அந்தப் பாவம் எங்களுக்கு எதற்கு?

இந்த விரதத்துக்கு மருத்துவக் காரணமும் காட்டலாம். லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால் நகரத்தின் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அந்தத் தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள். எலினர் மகுவயர் என்ற ஆய்வாளர் அந்த ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்து, 2000-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். இடங்களை நினைவில் வைக்க உதவும் பகுதியின் பின்புறம், மற்றவர்களுக்கு இருப்பதைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அதிக ஆண்டுகள் வண்டி ஓட்டியவர்களுக்கு இன்னும் பெரிது. கற்றால் மூளை பெருக்கும் என்பது நிரூபணமாகிவிட்டது. சார் இந்த ஆபத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்து தம்மைக் காத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அவர் படித்த கல்லூரி நல்ல முன்னுதாரணங்கள் உள்ள இடம் என்று சொல்ல முடியாது. அங்கே 1880-இல் தமிழ் கற்பிக்க ஒருவர் சேர்ந்தார். வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று படிக்க வேண்டியதெல்லாம் படித்தாயிற்று. கல்லூரியில் நாற்காலியும் கிடைத்தாயிற்று. இங்கேயே நிறுத்தியிருந்தால் சாரைப் போல நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அதே ஆண்டு அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் நீளமாக ஒரு பட்டியல் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பே தெரியவில்லை. இவையெல்லாம் சரி, பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்றார். தெரியாது.

சாராக இருந்தால் "தமிழ் வாத்தியார் நானா, முன்சீப்பா?" என்று ஒரே கேள்வியில் முடித்திருப்பார். உ.வே. சாமிநாதையருக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. ஏட்டை வாங்கிப் படித்துப் பார்த்தார், புரியவில்லை. புரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, சைவ மடத்தில் பாடம் கேட்டவர் கும்பகோணத்துச் சமணர் வீட்டு வாசலில் போய் நின்று சந்தேகம் கேட்டார். விளைவு என்ன? ஏழு ஆண்டுகள் சிந்தாமணியோடு போராடி 1887-இல் பதிப்பித்தார். அத்தோடும் தீரவில்லை. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. 1937-இல் குறுந்தொகையைப் பதிப்பித்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. ஒரு கேள்விக்குத் 'தெரியாது' என்று பதில் சொன்ன குற்றத்துக்கு அறுபது ஆண்டுக் கடுங்காவல். சார் தம் வாழ்நாளில் அந்தச் சொல்லை உச்சரித்ததில்லை. வழி கேட்பவரிடம்கூட உச்சரித்ததில்லை; வேறு தெருவுக்கு அனுப்பிவைத்திருக்கிறார்.

அவர் படிப்பதையே விட்டுவிட்டார் என்று யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது. ஐம்பது ஆண்டுகளாகக் காலையில் நாளிதழ் படிக்கிறார், தலையங்கம் உட்பட. தம் கருத்து அச்சாகியிருக்கும் இடங்களில் பேனாவால் கோடு போடுகிறார். மாறான கருத்து வந்திருந்தால், பத்திரிகையின் தரம் இறங்கிவிட்டது என்று வருந்துகிறார். ஐம்பது ஆண்டில் பத்திரிகைகளின் தரம் எவ்வளவோ இறங்கியிருக்கிறது. சார் அதே உயரத்தில் இருக்கிறார்.

பேரன் வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்த பிறகு சார் தினமும் புதிது புதிதாகத் தெரிந்துகொள்கிறார் என்று சிலர் அவதூறு சொல்கிறார்கள். திருநள்ளாறுக்கு நேர் மேலே போகும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிட்டுப் போகின்றன என்ற செய்தியை அவர் எங்களுக்கு அனுப்பியது உண்மைதான். பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. அந்த ஓட்டத்தால்தான் அது கீழே விழாமல் இருக்கிறது. நின்றால் விழ வேண்டியதுதான். ஓரிடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் செயற்கைக்கோள்களோ நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுகின்றன. இவ்வளவும் பி.எஸ்சி. இயற்பியலுக்குள் அடங்கும். ஆனால் இதைக் கொண்டு சாரைக் குறை சொல்வது நியாயமல்ல. அந்தச் செய்தியால் அவர் ஏற்கெனவே நம்பிய எதுவும் இடம் மாறவில்லை. பழைய எண்ணத்துக்குத் துணையாக இன்னொன்று வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். எதையும் மாற்றாமல் உள்ளே வருவதைக் கற்பது என்று சொல்லக் கூடாது. சாரின் விரதத்துக்குப் பங்கமில்லை.

அலுவலகத்தில் அவர் காட்டிய உறுதி இன்னும் பெரிது. டைப்ரைட்டிங் ஹையர் தேறியவர். கார்பன் காகிதம் வைத்து நான்கு படி எடுத்தால் நான்காவது படியிலும் எழுத்து தெரியும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. அதற்கென்று ஓர் அறை ஒதுக்கி, ஏ.சி. போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். சார் செருப்போடு வெளியே நின்றார். நின்றபடியே 2008-இல் ஓய்வும் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் பிரிவின் வேலை தடைபட்டதா என்றால், இல்லை. தகப்பனார் இறந்து கருணை அடிப்படையில் வேலைக்கு வந்த ஒரு பெண் இருந்தார். மாலை ஆறு மணிக்கு மேல் தங்கி, தட்டித் தடவி, தமிழ்99 விசைப்பலகையையும் கணக்குப் பட்டியல் போடுவதையும் தானே பழகிக்கொண்டார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட நாள்களும் உண்டாம். அவர் அடித்த தாள்களில் சார் கையெழுத்திட்டார். கையெழுத்து மணி மணியாக இருக்கும். அந்தப் பெண் இன்று கண்காணிப்பாளர். "நான் வளர்த்து விட்ட பொண்ணு" என்று சார் சொல்வதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அவர் கற்றிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கற்க வேண்டிய அவசியம் ஏற்பட்டிருக்குமா?

சாரின் பெருமையை முழுதாக அறிய வேண்டுமானால் வீட்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் ஒரு பழைய கதை. அவர் பட்டம் பெற்ற அதே 1971-இல், வங்கதேசத்திலிருந்து ஓடிவந்த அகதிகள் எல்லையோரம் போன்காவ் முகாமில் காலராவில் மடிந்துகொண்டிருந்தார்கள். ஊசிவழி ஏற்றும் உப்புநீர் கையிருப்பு தீர்ந்தது. திலீப் மகலநாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் கணக்காகக் கலந்து, தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. வயிற்றுப்போக்கின்போது வெறும் தண்ணீர் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் உடன் அழைத்துப் போகிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. இந்தக் கண்டுபிடிப்பு இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று 1978-இல் லான்செட் மருத்துவ இதழ் எழுதியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சாரின் மகனுக்கு இரண்டு வயது. ஒரு சித்திரை மாதம் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பகலுக்குள் கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வரவில்லை. சார் பட்டதாரி. "உள்ள போனாத்தானே வெளிய வரும்? வயித்துக்கு ஓய்வு கொடு. தண்ணியே காட்டாதே" என்று கட்டளையிட்டார். தர்க்கத்தில் பிழை கண்டுபிடிக்க முடியாது. அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் 'அம்மா', எஸ்.எஸ்.எல்.சி. அதற்கு முந்தின மாதம்தான் தடுப்பூசி போட வந்த நர்சம்மா, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கேட்ட பெண்களில் பாதிப் பேர் சிரித்தார்களாம். அம்மா விரலை மடக்கி அளவை மனத்தில் வாங்கிக்கொண்டார். அன்றிரவு முழுக்க, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கணவருக்குத் தெரியாமல், கரண்டி கரண்டியாகப் புகட்டினார். விடியற்காலை பிள்ளை சிறுநீர் கழித்தது. அழுதபோது கண்ணீரும் வந்தது. இன்று அந்தப் பிள்ளை ஓசூரில் பொறியாளர். "நான் அன்னிக்குத் தண்ணி காட்டாம வெச்சிருந்ததாலதான் பொழச்சான்" என்று சார் இன்றும் சொல்வார். அம்மா உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருப்பார்.

அம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தவிடாமல் அவரை ஊக்கப்படுத்தியவர் சார். வீட்டுக்கு எரிவாயு அடுப்பு வந்தபோது சிலிண்டர் மாற்றத் தெரியாத பெருமை சாருடையது. ஆகவே அம்மா வாஷரைச் சரிபார்க்கவும் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்க்கவும் கற்றார். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது தமக்குரிய வேலையல்ல என்று சார் அறிவித்தார். அம்மா நாற்பது வயதில் மொபெட் ஓட்டக் கற்றார். வங்கியில் டோக்கன் போய் ஏ.டி.எம். வந்தது, சார் எந்திரத்தோடு பேசமாட்டேன் என்றார், ரகசிய எண் அம்மாவிடம் போனது. 2016-க்குப் பிறகு கைப்பேசியிலேயே பணம் போகத் தொடங்கியது. காய்கறி வண்டியில் தொங்கும் சதுரக் கட்டத்துக்குக் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துவது எப்படி என்று அம்மா அந்த வண்டிக்காரரிடமே கேட்டுக்கொண்டார். எழுபதை நெருங்கும் பெண் காய்கறிக்காரரிடம் பாடம் கேட்டது தெருவுக்கே வேடிக்கை.

சாருக்குச் சர்க்கரை நோய் வந்தபோது அம்மாவின் படிப்பு உச்சத்தை எட்டியது. 40 அலகு இன்சுலின் குப்பிக்கு 40 அலகு ஊசிதான், 100 அலகு ஊசியை எடுத்தால் அளவு தவறும். குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் உருட்ட வேண்டும். ஒரே இடத்தில் குத்தினால் தோல் கட்டிப்படும், இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். இத்தனையும் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கூட்டுமுயற்சியில் சாரின் பங்களிப்பு வயிறு.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒருவர் கற்காமல் இருந்ததால் அலுவலகத்தில் ஒருவர், வீட்டில் ஒருவர், பேரப்பிள்ளைகள் இருவர், மின்சார வேலைக்கு வரும் இளைஞர், மருந்துக்கடைப் பையன் என்று எத்தனை பேர் கற்றிருக்கிறார்கள்! பள்ளிக்கூடம் கட்டியவர்களை வள்ளல் என்கிறோம். அவர்கள் தம் சொத்தைக் கொடுத்தார்கள். சார் தமக்கு வர வேண்டிய கல்வியையே ஒவ்வொரு நாளும் பிறருக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார், அதுவும் அவர்கள் கேட்காமலேயே. அவர் ஒன்றும் கற்காமல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஈடாக, அந்த நாளில் யாரோ ஒருவர் இரண்டு பங்கு கற்றிருக்கிறார். இந்தக் கொடையை வரவு வைக்க எந்தப் பேரேட்டிலும் பக்கமில்லை.

இப்படிப்பட்டவர்கள் அருகிவருவதற்குச் சிலருடைய கெட்ட சகவாசம் காரணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் வயல்வேலைப் பெண்களும் கிளம்பிவிட்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். குறுக்குக் கம்பி இருந்தால் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கணவனோ அண்ணனோ வந்து அழைத்துப் போகும்வரை பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் பண்பாடு அன்றோடு கெட்டது.

கேரளத்தில் இன்னும் மோசம். ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா என்று ஒரு மூதாட்டி. கோயில்களைக் கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். 2018-இல், 96 வயதில், மாநில எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கினார். வாங்கியதோடு சும்மா இராமல் கணினி கற்க வேண்டும் என்றார். கல்வி அமைச்சர் மடிக்கணினி கொடுத்தார். 2023-இல், 101 வயதில் காலமானார். இந்தச் செய்தியை அம்மா நாளிதழிலிருந்து வாசித்துக் காட்டியபோது சார் நெடுநேரம் யோசித்தார். பிறகு, "மிச்சம் ரெண்டு மார்க் எங்க போச்சாம்?" என்றார்.

தை மாதத்தில் சாருக்கு எழுபத்தைந்து நிறைவதை ஒட்டித் தெரு நலச் சங்கம் பாராட்டு விழா எடுக்கிறது. சால்வை, மாலை, வாழ்த்துமடல் எல்லாம் உண்டு. அவர் விரதத்துக்குச் சமீபத்தில் ஒரு சோதனை வந்து, அதையும் அவர் வென்றுவிட்டார் என்பதால் விழா இன்னும் பொருத்தமாகிறது. கண்புரை அறுவைக்காக அம்மா மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. வீட்டில் சிலிண்டர் தீர்ந்தது. புதிய சிலிண்டரோடு வந்தவர் குறியீட்டு எண் கேட்டார். எண் அம்மாவின் கைப்பேசிக்குப் போயிருந்தது. அது மேசைமேல் மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. திறக்க சாருக்குத் தெரியாது. "கேஸ் உங்களுது, நம்பர் ஏன் என்கிட்ட கேக்குறீங்க?" என்று கேட்டுச் சிலிண்டரைத் திருப்பி அனுப்பினார். காபி கடையிலிருந்து வந்தது, ஊசி பக்கத்து வீட்டு நர்ஸ் மகளிடமிருந்து வந்தது. அம்மா ஒரு கண்ணில் கட்டோடு திரும்பி வந்து, மறு கண்ணால் பார்த்துச் சிலிண்டர் பதிவு செய்தார். சார் கொள்கையிலிருந்து அங்குலம் நகரவில்லை.

விழாவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழக்கம்போல் 'நூறாண்டு வாழ்க' என்று சாரை வாழ்த்துங்கள். அதில் குறை வைக்க வேண்டாம். ஆனால் அதற்கு முன் அம்மாவை வாழ்த்திவிடுங்கள். அவர் சாரைவிட ஆறு வயது இளையவர். ஆகவே தொண்ணூற்று நான்கு என்று வாழ்த்தினால் கணக்குச் சரியாக வரும். ஆனாலும் ஒரு நாள் கூட்டியே சொல்லுங்கள். அந்த ஒரு நாள் குறைந்துபோனால், சார் தமது நூறாவது வயதில் காபி போடக் கற்க வேண்டிவரும். அந்தக் கொடுமை அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நேரக் கூடாது.